கதவில்லாத மேடை

பிரிட்டனில் பப்புகள் மூடப்படுவது சில ஆண்டுகளாகவே அரசியல் செய்தியாகிவிட்டது. 2000-ஆம் ஆண்டில் 60,000-க்கும் மேலாக இருந்த அவற்றின் எண்ணிக்கை இப்போது ஏறத்தாழ 45,000-ஆகச் சுருங்கியுள்ளது. 2025-இல் மட்டும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பகுதிகளில் 378 பப்புகள் மூடப்படக்கூடும் என அந்நாட்டின் பீர் மற்றும் பப் சங்கம் அவ்வாண்டின் நடுவில் கணித்தது. நாடாளுமன்றத்தில் கேள்விகள் எழுகின்றன. வரிச்சலுகைக் கோரிக்கைகள் குவிகின்றன. தேர்தல் வந்தால் எல்லாக் கட்சித் தலைவர்களும் கையில் பீர்க் கோப்பையுடன் படம் எடுத்துக்கொள்கின்றனர்.

இந்தக் கணக்குகள் எதிலும் இடம்பெறாத ஒருவர் இருக்கிறார். வாரத்தின் நடுவில் ஓர் இரவு, பப்பின் மூலையில், கிதாரோ சிறிய கீபோர்டோ வைத்துக்கொண்டு நகைச்சுவைப் பாடல்களைப் பாடுபவர். அவருக்கு எதிரே நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப் பேர் அவருக்கு முதுகைக் காட்டியபடி பேசிக்கொண்டிருப்பார்கள். தொலைக்காட்சியில் கால்பந்து ஓடும். கவுண்டரில் கோப்பைகள் மோதும். பாட்டின் மிகச் சிறந்த வரி எங்கு வரவேண்டுமோ அங்கே, சமையலறையிலிருந்து வந்த உணவுத் தட்டுக்கு உரியவரை ஊழியர் கூவி அழைப்பார்.

இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் இரண்டு. மக்களுக்குப் பண்பு குறைந்துவிட்டது என்பது ஒன்று. கைப்பேசி அவர்களின் கவனத்தைச் சிதைத்துவிட்டது என்பது மற்றொன்று. இரண்டும் எளிதான விளக்கங்கள். இரண்டும் பழியை அவையோர் மீதே போடுகின்றன. பப் என்ற சொல்லே 'பொது வீடு' என்பதன் சுருக்கம். அங்கு வருவோர் பேசுவதற்காகவே வருகின்றனர். வேலை முடிந்து நண்பரைச் சந்திக்க வந்தவர், தான் கேட்காத ஒரு நிகழ்ச்சிக்காகத் தன் பேச்சை ஏன் நிறுத்த வேண்டும்? அவர் அந்த அறையின் உரிமையாளர்களில் ஒருவர். மேடையில் இருப்பவர்தான் விருந்தாளி. இந்த மோதலை உருவாக்கியவை கட்டட அமைப்பும் வணிகக் கணக்கும் சட்டமும் ஆகும். அவற்றில் சட்டத்தின் பங்கு பலரும் நினைப்பதைவிடப் பெரியது.

அதற்கு முன், இந்தக் கலைவடிவம் மட்டும் ஏன் இவ்வளவு பாதிக்கப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். பப்பில் பாடும் சாதாரணப் பாடகருக்கு அரைக் கவனமே போதும். காதல் பாட்டின் சொற்கள் பாதி காதில் விழாவிட்டாலும் மெட்டு போய்ச் சேர்ந்துவிடும். முடிவில் கைதட்டலும் கிடைக்கும். பேச்சு நகைச்சுவையாளருக்கு முழுக் கவனம் தேவை என்றாலும், நிலைமை கைமீறினால் அவரால் நிறுத்த முடியும். சொன்னதைத் திரும்பச் சொல்லலாம்; முன்வரிசைக்காரரிடம் ஊர் எது என்று கேட்கலாம்; தட்டு ஏந்தி வந்த ஊழியரையே நகைச்சுவைக்குப் பொருளாக்கலாம். இசை நகைச்சுவைக் கலைஞருக்கு இந்த வசதி இல்லை. அவர் தாளத்தோடு கட்டப்பட்டவர். நான்காவது அடி வந்தே தீரும், மூன்றாவது அடியை எவரும் கேட்டிராவிட்டாலும்.

ஆங்கில நகைச்சுவைப் பாடலின் அமைப்பு இந்த இடரை மேலும் கூட்டுகிறது. அதன் சிரிப்பு பெரும்பாலும் அடியின் இறுதியில், இயைபு விழும் சொல்லில் ஒளிந்திருக்கிறது. முதல் அடி ஒரு சொல்லை எதிர்பார்க்கவைக்கும். அடுத்த அடி வேறொரு சொல்லைக் கொண்டுவந்து அந்த எதிர்பார்ப்பைக் கவிழ்க்கும். முதல் அடியைத் தவறவிட்டவருக்கு இரண்டாவது வெறும் ஓசை. அதனால் அறையில் பத்துப் பேர் சிரிக்க, முப்பது பேர் என்னவென்று தெரியாமல் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் திரும்பிப் பார்த்தலில் அடுத்த வரியும் போய்விடும். போதாக்குறைக்கு, மற்ற இசைக்கலைஞர்களுக்கு இல்லாத ஒரு தண்டனையும் இவருக்கு உண்டு. பாட்டின் நடுவே சிரிப்புக்கென்று விடப்பட்ட இடைவெளி சிரிப்பில்லாமல் கடந்துபோவதை அறை முழுவதும் கேட்கும். வேறெந்தப் பாடகரின் தோல்வியும் இவ்வளவு துல்லியமாக, அடிக்கு அடி அளந்து காட்டப்படுவதில்லை.

ஒலிபெருக்கியைக் கூட்டிவைத்தால் தீர்ந்துவிடாதா என்று கேட்கலாம். தீராது. இரைச்சல் கூடும்போது மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவர் என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் எத்தியேன் லொம்பார் 1911-இலேயே விளக்கினார். அந்த விளைவு இன்றும் அவர் பெயராலேயே அறியப்படுகிறது. பாடகர் ஒலியைக் கூட்டினால் மேசைகளில் பேசுவோரும் கூட்டுவர். அதைக் கேட்டுப் பாடகர் மீண்டும் கூட்டுவார். இந்தப் போட்டியில் மெட்டு தப்பும், சொல் சாகும். மெய்யெழுத்துகளின் கூர்மையில்தான் சொல்லின் தெளிவு இருக்கிறது. பேச்சிரைச்சலில் முதலில் மூழ்குபவை அவையே. அனுபவமுள்ள சில கலைஞர்கள் இதற்கு நேர்மாறாக ஒலியைக் குறைத்துப் பாடுகின்றனர். அருகிலிருக்கும் இரண்டு மேசைகளையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது அவர்கள் கணக்கு.

மேடையை நோக்கி எதிர்க்கூச்சல் எழுப்புபவரையும் கவனிக்காதவரையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவது வழக்கம். இருவரும் வேறு வேறு. 1980-களில் லண்டனின் கிழக்கே, பிளாக்வால் சுரங்கப்பாதையை ஒட்டிய மைட்டர் பப்பில் மால்கம் ஹார்டி என்பவர் நடத்திய 'டனல் கிளப்', எதிர்க்கூச்சலுக்காகவே பெயர்பெற்றது. அங்கு மேடையேறிப் பலர் நொறுங்கிப்போயினர். ஆனால், கூச்சலிடுபவர் கேட்டுக்கொண்டிருப்பவர், கேட்டதனால்தான் கூச்சலிடுகிறார். அவரோடு சண்டையிடலாம், சில வேளைகளில் வெல்லவும் செய்யலாம். பேசிக்கொண்டிருக்கும் மேசையை எதிர்த்து வெல்ல வழியில்லை. அங்கே எதிரியும் இல்லை, அவையும் இல்லை.

வியப்பு என்னவென்றால், இசை நகைச்சுவை பிறந்ததே இத்தகைய கவனமற்ற அறைகளில்தான். 1843-ஆம் ஆண்டின் நாடக அரங்குகள் சட்டம் இங்கிலாந்தில் இரண்டு உலகங்களைப் பிரித்தது. நாடகம் நடத்தும் அரங்கம் ஒருபுறம். அமர்ந்து குடித்தபடியே பாட்டுக் கேட்கும் மதுவிடுதி மறுபுறம். இரண்டாவது வகையிலிருந்து வளர்ந்தவையே 'மியூசிக் ஹால்' எனப்பட்ட இசைக்கூடங்கள். சார்லஸ் மார்ட்டன் 1852-இல் லண்டனின் லாம்பெத் பகுதியில் தம் மதுவிடுதியோடு சேர்த்துத் திறந்த 'கேன்டர்பரி ஹால்' அவற்றுள் புகழ்பெற்ற முன்னோடி. ஆறு பென்சுக்கு வாங்கும் சீட்டைக் கொடுத்து உள்ளேயே பானம் பெற்றுக்கொள்ளலாம். பாட்டுக்குப் பணம் கொடுத்தது குடிப்பவரின் தாகம்தான். பாடகரின் ஊதியம் பீர்ப் பீப்பாய் வழியாக வந்தது.

அந்த இரைச்சலுக்கு அன்றைய கலைஞர்கள் கண்டுபிடித்த பதில் எளிய பல்லவி. கதை சொல்லும் சரணத்தைத் தவறவிட்டவரும் பல்லவியில் சேர்ந்துகொள்ளலாம். இரண்டாவது சுற்றிலேயே அது வாய்க்குள் வந்துவிடும். பாடகரின் வேடமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மேடைக்கருகே மேசை போட்டு அமர்ந்து, சுத்தியலால் தட்டி அமைதி கேட்கும் 'தலைவர்' என்றொருவர் இருந்தார். இன்றைய நகைச்சுவைக் கூடங்களின் தொகுப்பாளர் அவருடைய வழித்தோன்றல். மேரி லாய்டு போன்றவர்கள் இந்தப் பள்ளியில் பயின்று நாடறிந்த நட்சத்திரங்களாயினர். அதே மேரி லாய்டு, 1907-இல் கூடுதல் காட்சிகளுக்கு ஊதியம் தராத முதலாளிகளை எதிர்த்து நடந்த இசைக்கூடக் கலைஞர்களின் வேலைநிறுத்தத்தில் சிறிய கலைஞர்களின் பக்கம் நின்றார் என்பதும் நினைவுகூரத்தக்கது. பப்புக்குப் பின்புறம் கட்டப்பட்ட அத்தகைய கூடம் ஒன்றைக் காண விரும்புவோர், 1859-இல் திறக்கப்பட்ட 'வில்டன்ஸ்' கூடத்தை இன்றும் கிழக்கு லண்டனில் காணலாம்.

இந்த வரலாற்றை வைத்து ஒரு வாதம் கட்டப்படுவதுண்டு. கடினமான அவைதான் கலைஞரைச் செதுக்குகிறது. எனவே இரைச்சலான பப் ஒரு பயிற்சிக்கூடம். புலம்பத் தேவையில்லை என்பது அந்த வாதம். இதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால், இது தப்பிப் பிழைத்தவர்கள் சொல்லும் கதை. மேலும், அந்தக் கூடம் எதைக் கற்பிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். தெரிந்த மெட்டுக்கு வேறு சொற்களைப் பொருத்துவது, உரத்துப் பாடுவது, உடலுறுப்புகளைப் பற்றிய எளிய சிரிப்பு, மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுவது. மெல்ல மெல்ல ஏறும் பாட்டை, ஒரு பாத்திரத்தை வார்த்தெடுக்கும் பாட்டை அங்கே கற்க முடியாது. பியானோ முன் அமர்ந்து விக்டோரியா வுட் பாடிய பாடல்களின் சிரிப்பு, வீட்டுப் பொருள்களின் பெயர்களிலும் நடுத்தரக் குடும்பத்தின் சின்னஞ்சிறு சங்கடங்களிலும் இருந்தது. ஒரு பெயர்ச்சொல் காதில் விழாவிட்டால் பாட்டே இல்லை. 1974-இல் 'நியூ ஃபேசஸ்' தொலைக்காட்சிப் போட்டியில் வென்ற பின்னரும் அவர் பல ஆண்டுகள் போதிய வேலையின்றித் திண்டாடினார். பின்னாளில் ராயல் ஆல்பர்ட் ஹாலைப் பல இரவுகள் நிரப்பியவர் அவரேதான். அந்தப் பாடல்கள் அவர்முன் அமைதியாக அமர்ந்த அவைக்காக எழுதப்பட்டவை.

இனி சட்டத்துக்கு வருவோம். பப்பில் யார் பாடலாம் என்பதை பிரிட்டன் நெடுங்காலம் ஒரு விநோத விதியால் நிர்ணயித்து வந்தது. 1964-ஆம் ஆண்டின் மது உரிமச் சட்டத்தின்படி, பப்பில் இருவர் வரை நேரடி இசை நிகழ்த்தத் தனிக் கேளிக்கை உரிமம் தேவையில்லை. மூன்றாமவர் சேர்ந்தால் தேவை. பாடகரும் பியானோக்காரரும் சேர்ந்த நகைச்சுவை இணை, அந்தச் சட்டத்தின் விளிம்பில் சரியாகப் பொருந்தியது. 2005 நவம்பரில் நடைமுறைக்கு வந்த 2003-ஆம் ஆண்டின் உரிமச் சட்டம் இந்த விலக்கை நீக்கியது. அதன்பின் ஒரேயொருவர் கிதாரோடு பாடுவதாக இருந்தாலும் பப்பின் உரிமத்தில் அதற்கு அனுமதி இருந்தாக வேண்டும் என்றானது.

அந்தச் சட்டத்தின் அட்டவணையைப் படிப்பவருக்குச் சிரிப்பு வராமல் இருக்காது. ஒழுங்குபடுத்தப்பட வேண்டிய கேளிக்கைகளின் பட்டியலில் நாடகம், திரைப்படம், குத்துச்சண்டை, நேரடி இசை, நடனம் எல்லாம் உண்டு. நின்று பேசும் நகைச்சுவை இல்லை. அதாவது, ஒருவர் ஒரு மணி நேரம் நகைச்சுவை பேசலாம். அதே நகைச்சுவையைக் கிதாரின் நரம்பைத் தட்டிச் சொன்னால் அது உரிமத்துக்குரிய செயல். நேரலைத் தொலைக்காட்சிக்கும் விலக்கு உண்டு. சுவரை அடைக்கும் திரையில் கால்பந்து காட்டி நூற்றுவரைக் கத்தவைக்கலாம்; மூலையில் ஒருவர் பாடினால்தான் அனுமதி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக இன்னொரு விலக்கு: வேறொரு செயலுக்குத் துணையாக, பின்னணியாக மட்டும் ஒலிக்கும் இசைக்கு உரிமம் தேவையில்லை. யாரும் கேட்காத இசைக்குச் சட்டத்தில் தடையில்லை. எல்லாரும் திரும்பிக் கேட்கத் தொடங்கினால் சிக்கல். கவனமின்மையைச் சட்டப் பாதுகாப்பாகவே எழுதிவைத்த நாடாளுமன்றம் வேறு எங்கேனும் உண்டா என்பது ஐயமே.

இந்த அபத்தத்தைத் தளர்த்த ஏழு ஆண்டுகள் ஆயின. லிபரல் டெமாக்ரட் உறுப்பினர் கிளமென்ட்-ஜோன்ஸ் பிரபுக்கள் அவையில் கொண்டுவந்த தனிநபர் மசோதா, 2012-ஆம் ஆண்டின் நேரடி இசைச் சட்டமானது. காலை 8 மணி முதல் இரவு 11 மணி வரை, மது உரிமம் பெற்ற இடங்களில், 200 பேர் வரையுள்ள அவைக்கு இசை நிகழ்த்த உரிமத் தடை விலகியது. 2015-இல் அந்த வரம்பு 500 ஆனது. சட்டம் திருந்தியது உண்மை. ஆனால், இடைப்பட்ட ஆண்டுகளில் பப்புகளில் வேறொரு பழக்கம் வேரூன்றிவிட்டது. பெரிய திரை வந்தது. வினாடி வினா இரவு வந்தது. உணவு வணிகம் பெருகி இருக்கைகள் சாப்பாட்டு மேசைகளாயின. பாடகர் திரும்பி வந்தபோது அவருக்கென்று மிஞ்சியது மூலை மட்டுமே.

இங்குதான் கட்டடக் கேள்வி எழுகிறது. பழைய பப்புகள் பலவற்றில் கூட்டங்களுக்கென்றே மாடியிலோ பின்புறத்திலோ நிலவறையிலோ தனி அறை ஒன்று இருந்தது. தொழிற்சங்கக் கிளைகள் அங்கே கூடின. திருமண விருந்துகளும் துக்க விருந்துகளும் நடந்தன. 1950-களின் பிற்பகுதியிலிருந்து நாட்டுப்புறப் பாடல் மன்றங்கள் அந்த அறைகளை வாரம் ஓர் இரவு வாடகைக்கு எடுத்தன. வாசலில் சில்லறை வாங்கிக்கொள்வார்கள்; உள்ளே வந்தவர் பாட்டு முடியும்வரை பேசமாட்டார். கிளாஸ்கோவின் பில்லி கானலி அத்தகைய மன்றங்களில் பாடகராகத் தொடங்கியவர். பாட்டுகளுக்கு இடையே அவர் சொன்ன கதைகள் நீண்டுகொண்டே போய், இறுதியில் பாட்டையே விழுங்கிவிட்டன. பர்மிங்காம் அருகே சொலிஹல்லில் 1969-இல் சொந்தமாக ஒரு மன்றத்தைத் தொடங்கிய ஜாஸ்பர் கேரட்டின் பாதையும் அதுவே. கிராவுச் எண்டில் ஒரு பப்பின் நிலவறையில் 1981-இல் தொடங்கிய 'டவுன்ஸ்டேர்ஸ் அட் த கிங்ஸ் ஹெட்' லண்டனின் மிகப் பழைய நகைச்சுவை மன்றங்களுள் ஒன்று. மேலே குடிப்பவர்கள் குடிக்கலாம். கேட்க விரும்பியவர் கீழே இறங்கினால் போதும்.

அந்தப் பத்துப் படிகள்தான் வேறுபாடு. கட்டணம்கூட அவ்வளவு முக்கியமில்லை என்பதற்கு எடின்பரோ சான்று. அங்கு ஆகஸ்ட் மாதம் நடக்கும் ஃபிரிஞ்ச் விழாவில் அரங்க வாடகை கலைஞர்களைக் கடனாளியாக்குவதைக் கண்ட பீட்டர் பக்லி ஹில், 1996-இல் ஒரு பப்பில் இலவச நிகழ்ச்சி நடத்தத் தொடங்கினார். அவரும் நகைச்சுவைப் பாடல்கள் பாடுபவர்தான். அதிலிருந்து வளர்ந்ததே 'ஃப்ரீ ஃபிரிஞ்ச்'. நுழைவு இலவசம், முடிவில் வாசலில் வாளியோடு கலைஞரே நிற்பார், விருப்பப்பட்டதைப் போடலாம். பக்லி ஹில்லின் பணிக்காக 2009-இல் எடின்பரோ நகைச்சுவை விருதுக் குழு தனிப் பரிசளித்தது. அங்கு அவையோர் காசு கொடுத்து உள்ளே வரவில்லை. ஆனாலும் கவனிக்கிறார்கள். ஒரு கதவைத் தள்ளிக்கொண்டு, இதற்காகத்தான் போகிறோம் என்று தெரிந்து, மேடையை நோக்கிப் போடப்பட்ட நாற்காலியில் அமர்ந்திருக்கிறார்கள். கேட்பதற்கான முடிவை அவர்கள் வாசலிலேயே எடுத்துவிட்டனர்.

அதே பப்பின் முன்புற அறையில், அதே கலைஞர், அதே பாட்டைப் பாடினால் நிலைமை தலைகீழ். அங்கே எவரும் எந்த முடிவும் எடுக்கவில்லை. நிகழ்ச்சி அவர்கள் மீது வந்து விழுகிறது.

பப் நடத்துபவரைக் குறைசொல்வதும் நியாயமாகாது. 2025 ஏப்ரலில் பிரிட்டனில் முதலாளிகள் செலுத்தும் தேசியக் காப்பீட்டு விகிதம் 13.8 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாக உயர்ந்தது. ஓர் ஊழியருக்கு அதைச் செலுத்தத் தொடங்க வேண்டிய ஆண்டு ஊதிய வரம்பு 9,100 பவுண்டிலிருந்து 5,000 பவுண்டாக இறங்கியது. பகுதிநேர ஊழியர்களை நம்பியுள்ள பப்புகளுக்கு இது நேரடி அடி. இங்கிலாந்தில் வணிகச் சொத்துவரிச் சலுகையும் அதே மாதம் 75 சதவீதத்திலிருந்து 40 சதவீதமாகக் குறைந்தது. சிறிய இசையரங்குகளின் நிலை இதைவிட மோசம். அவற்றுக்கான அறக்கட்டளையான மியூசிக் வென்யூ டிரஸ்ட், 2024-இல் அவற்றின் சராசரி இலாப விகிதம் 0.48 சதவீதம் என்றும், 43.8 சதவீத அரங்குகள் இழப்பில் ஓடின என்றும் தெரிவித்தது. இந்த நெருக்கடியில் ஒரு பப் உரிமையாளர் மாடி அறையைப் பார்க்கும்போது வாரம் இருமுறை விளக்கெரியும் வெற்றிடத்தையே காண்கிறார். அதைத் தங்கும் அறைகளாகவோ குடியிருப்பாகவோ மாற்றினால் மாதாமாதம் வாடகை வரும். நிகழ்ச்சி வேண்டுமென்றால் கீழே, மூலையில் நடக்கட்டும். கூட்டமில்லாத செவ்வாய்க்கிழமையில் பத்துப் பேர் கூடுதலாக வந்தாலும் இலாபமே.

கலைஞரின் பக்கமும் கணக்கு சரியில்லை. 2023-ஆம் ஆண்டு இசைக்கலைஞர் சங்கம் ஆதரவுடன் நடந்த கணக்கெடுப்பு, பிரிட்டனில் ஓர் இசைக்கலைஞர் இசையால் ஈட்டும் ஆண்டு வருவாய் சராசரியாக 20,700 பவுண்டு என்றது. தொடக்க நிலையில் இருப்பவர் 'ஓப்பன் மைக்' இரவுகளில் ஊதியமின்றிப் பாடுகிறார். சில இடங்களில், மேடையேற விரும்புபவர் தம்முடன் ஒரு நண்பரையாவது அழைத்துவர வேண்டும் என்பது நிபந்தனை. கலைஞரே வாடிக்கையாளரைப் பிடித்துத் தரும் தரகராகிறார். அந்த நண்பரும் பத்து நிமிடம் கேட்டுவிட்டுக் கவுண்டருக்குப் போய்விடுவார்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பப்புகளை இடிப்பதற்கும் வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கும் இங்கிலாந்தில் 2017 முதல் திட்ட அனுமதி கட்டாயம். 2011-ஆம் ஆண்டின் உள்ளூர் அதிகாரச் சட்டப்படி ஒரு பப்பைச் சமுதாயச் சொத்தாகப் பதிவுசெய்ய ஊர்மக்கள் கோரலாம். புதிதாக வீடு கட்டுபவரே அருகிலுள்ள பழைய இசையரங்கின் ஒலியைத் தாங்கும் ஏற்பாட்டைச் செய்யவேண்டும் என்ற கொள்கை 2018-இல் இங்கிலாந்தின் திட்ட வழிகாட்டுதலில் இடம்பெற்றது. 2025 ஜூலையில், பப்புகளும் இசையரங்குகளும் எதிர்கொள்ளும் உரிமச் சிக்கல்களைக் குறைக்கப்போவதாக அரசு அறிவித்தது. பெரிய அரங்கங்களின் நுழைவுச்சீட்டுகளிலிருந்து தலா ஒரு பவுண்டை விருப்பப் பங்களிப்பாகப் பெற்று அடித்தள இசைக்குத் தருவதையும் அது ஆதரிக்கிறது.

இவை அனைத்தும் வரவேற்கத்தக்கவை. ஆனாலும், இவை பெரும்பாலும் கட்டடத்தின் எண்ணிக்கையையும் ஒலியின் அளவையும் காக்கின்றன. ஒரு பப் திறந்திருக்கிறது என்றால் அது கணக்கில் 'காப்பாற்றப்பட்டது'. அதன் மாடி அறை காணாமல் போனது எந்தப் பட்டியலிலும் ஏறாது. ஒரு பவுண்டுத் திட்டம் இசைக்கானது. நகைச்சுவை அதில் சேராது. நேரடி நகைச்சுவையைத் தனிக் கலைவடிவமாக அங்கீகரிக்க வேண்டும் என்று 2020-இல் உருவான லைவ் காமெடி அசோசியேஷன் கோரிவருகிறது. கிதாரோடு நிற்கும் நகைச்சுவையாளர் இந்த இரு வீடுகளுக்கும் நடுவே திண்ணையில் நிற்கிறார். உரிமச் சட்டம் ஒருகாலத்தில் அவரை இசைக்கலைஞர் என்று தடுத்தது. உதவி என்று வரும்போது அவர் நகைச்சுவையாளர்.

செய்யக்கூடியவற்றுள் சில செலவில்லாதவை. நிகழ்ச்சி நடக்கும் இருபது நிமிடம் தொலைக்காட்சியை அணைக்கலாம். நாற்காலிகளைத் திருப்பிப் போடலாம். ஒருவர் எழுந்து, இப்போது நிகழ்ச்சி தொடங்குகிறது, பேச விரும்புவோர் அடுத்த அறைக்குச் செல்லலாம் என்று மரியாதையோடு அறிவிக்கலாம். அந்தப் பழைய 'தலைவர்' சுத்தியலோடு செய்த வேலை அதுதான். அறிவிப்பும் செய்யாமல் அறையும் தராமல் கலைஞரை மட்டும் நிறுத்திவைக்கும் பப், வந்தவர்களின் மாலையையும் பாடியவரின் மாலையையும் ஒருசேரக் கெடுக்கிறது. அதைவிட அன்றிரவு நிகழ்ச்சி வைக்காமலிருப்பதே மேல் என்பேன்.

செலவுள்ளது மாடி அறை. பப்பின் மேல்தளத்தைக் குடியிருப்பாக்கக் கேட்டு வரும் விண்ணப்பங்களில், அங்குள்ள கூட்ட அறையை பப்பின் பிரிக்க முடியாத பகுதியாகக் கருதலாமா என்பதை உள்ளாட்சி மன்றங்கள் தனியே பரிசீலிக்க வேண்டும். அந்த அறைக்கு மட்டுமாவது சொத்துவரியில் கழிவு தரலாம். உரிமையாளருக்கு வாடகை இழப்பு ஓரளவு ஈடாகும். ஏனெனில், அறை போனால் போவது அது மட்டுமல்ல. பப்பின் மேலேயே குடிவந்தவர் இரவு ஒலியைப் பற்றிப் புகார் செய்தால், 1990-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளாட்சி மன்றம் அதை விசாரித்தாக வேண்டும். 2018-இன் திட்டக் கொள்கை அந்தக் கடமையை நீக்கவில்லை. ஒலியைக் குறைக்கும்படி ஆணை வந்தால், பப் நடத்துபவர் முதலில் நிறுத்துவது கால்பந்துத் திரையையா, மூலையில் பாடுபவரையா என்பதை ஊகிப்பது கடினமில்லை.